யாரும் அழவில்லை

“ஒண்ணுகூடவா அழல?”

முப்பதாவது கடிதத்தையும் படித்துவிட்டு மேசைமேல் எறிந்தாள் அவள். முப்பது பிள்ளைகளை அழவைப்பதற்காக எட்டு மாதம் தூக்கம் கெட்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர்கூடத் தேறவில்லை.

எதிரே பெரியப்பா பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். பதிப்பகம் அவருடையது. பழைய காதல் நாடகம் ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதையாக எழுதும் வேலையை அவளுக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

நாடகத்தில் ஓர் ஆறு, இரு கரையிலும் தீராப் பகை கொண்ட இரண்டு ஊர்கள். காதலர்கள் பனிமூட்டத்தில் பாலத்தின் மேல் ஓடுகிறார்கள். பெண்ணின் அப்பா நடுப்பாலத்தை முன்னமே அறுத்துவைத்திருக்கிறார்.

“சின்னப் பசங்க படிக்கறது. ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளாதே, கல்யாணம் பண்ணி வை” என்று பெரியப்பா முதல் நாளே சொன்னார். அவள் கேட்கவில்லை. “அவங்க சாகணும் பெரியப்பா. பிள்ளைங்களுக்குப் புரியும், அழுவாங்க, பாருங்க” என்று பந்தயம் கட்டாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

எந்தப் புத்தகமானாலும் பெரிய அச்சுக்குப் போகும் முன் சில வெள்ளோட்டப் பிரதிகள் தைத்து, ஒரு பள்ளி வகுப்புக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்பது அங்கே வழக்கம். அந்தக் கருத்துகள்தான் இப்போது மேசை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

“இதக் கேளு.” பெரியப்பா ஒன்றை எடுத்தார். “‘சிரித்துக்கொண்டே படித்து முடித்தேன். அவர்களுக்கு எத்தனை குழந்தைகள்?’ இன்னொண்ணு கேளு. ‘அக்கரையில் வாடகைக்கு வீடு கிடைத்ததா?’ செத்தவங்களுக்கு வாடகை வீடாம்!”

“சரியாப் படிச்சிருக்க மாட்டாங்க.”

“முப்பது பேருமா? செத்ததே அதுங்களுக்கு உறைக்கல. நீ எழுதின லட்சணம் அப்படி!”

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் பெயர் போட்டு வரப்போகும் முதல் புத்தகம் அது. கடைசிக் காட்சியை மட்டும் பதினோரு தடவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தாள்.

“நாலு மணிக்கு மிஷின்ல ஏத்தணும். கல்யாணத்தோட முடிச்சுக் குடு. இல்லேன்னா நம்ம முயல்குட்டிக் கதை எழுதறவர்கிட்ட தள்ளி விட்டுடறேன். அவரு அரை மணியில மாப்பிள்ளை ஊர்வலமே நடத்திடுவாரு.”

“வேணாம்! கடைசிக் காட்சிய நானே வாசிச்சுக் காட்டறேன். கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

“உங்கப்பன் பிடிவாதம் அப்படியே இருக்கு. மூணு அம்பதுக்குள்ள வாசி.”

பிரதி எடுக்கக் கீழே பைண்டிங் அறைக்கு ஓடினாள். அங்கே ராஜ்யம் பைண்டருடையது. அலுவலகமே அவரை முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லும். பசை டப்பாவை நகர்த்தி வைத்ததற்காக ஒரு வாரம் யாருடனும் பேசாமல் இருந்த மனிதர்.

“அண்ணே, வெள்ளோட்டத்துல மிச்சம் ஒரு காப்பி இருக்குமே?”

“இருக்கு.” அவர் எழுந்திருக்கவில்லை. “பிள்ளைங்க என்ன எழுதிச்சுங்க?”

“சிரிச்சாங்களாம். எல்லாருக்கும் ஒரே சந்தோஷமாம்.”

“நல்லதாப் போச்சு.”

“என்னத்த நல்லது? என் பொழப்பே நாறிப்போச்சு!”

அவளே அலமாரியிலிருந்து பிரதியை உருவினாள். வாசிக்க வேண்டிய இடத்தை அங்கேயே தேடினாள். கைகளைக் கோத்துக்கொண்டு இருவரும் பாலத்தின் மேல், பனிக்குள் ஓடினார்கள். அடுத்த தாளைத் திருப்பினாள்.

பின்னட்டை.

எட்டுப் பக்கம் சேர்ந்த மடிப்பு ஒரு பாரம். அந்தப் புத்தகத்துக்கு ஐந்து பாரம். முதுகுப் பக்கம் விரலை வைத்து எண்ணினாள். நாலுதான் இருந்தது.

அலமாரியின் அடித்தட்டில், பழைய துணிக்குக் கீழே, ஐந்தாவது பாரங்கள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் நூல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. முப்பத்தொன்று.

“பெரியப்பா! இங்க வாங்க!”

அவள் போட்ட சத்தத்தில் பெரியப்பா செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். கட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், விஷயம் புரிந்ததும் முகம் சிவந்தது.

“யோவ், பதினாறு வருஷத்துல ஒரு பாரம் விட்டதில்லையேய்யா நீ! முப்பத்தொண்ணுலயும் எப்படி விட்டே? மறந்துட்டியா?”

“மறக்கல முதலாளி.”

“அப்புறம்?”

பைண்டர் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூலைக் கோக்கப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். நூல் நுழையவில்லை.

“படிச்சிட்டேன் முதலாளி. தைக்க மனசு வரல.”