மொத்தமாக வாங்கினால் லாபம்

"வருசக் காசு கட்டிக் கடைக் கார்ட் எடுத்திருக்கிறம். மொத்தமா வாங்கினாத்தானே லாபம்? பெரிய அரிசிப் பையை எடுங்கோப்பா," என்றாள் சுகந்தினி.

நிமலரூபன் போனில் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி ட்ரொலியை நிரப்பினான்.

"குசினிக்குப் பெரிய சட்டி?"

"ஓம், எடுத்திட்டன்."

"மகளுக்கு ஒரு சட்டை. பன்னிரண்டு வயசுச் சைஸ் பாருங்கோ."

நீலத்தில் ஒன்றை எடுத்தான்.

"வடிவாயிருக்கு. சரியப்பா, இஞ்ச இப்பத்தான் விடியுது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பவேணும்," என்று வவுனியாவிலிருந்து அவள் போனை வைத்தாள்.

அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவனின் தற்காலிக விசாவில் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அவனுக்கு வெரிபீயில் ஓர் அறைதான். மாதம் ஒருமுறை இந்தக் கடைக்குள் இருவரும் இப்படிக் குடித்தனம் நடத்துவார்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவான். அது அவளுக்கும் தெரியும்.

இன்று சட்டையை மட்டும் திருப்பி வைக்க மனம் வரவில்லை. தபாலில் அனுப்பலாம். அளவு சரிவருமா என்று தன் உடம்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான்.

அவன் படகேறியபோது வயிற்றில் இருந்த பிள்ளை. பக்கத்தில் வந்து நின்றால் தன் நெஞ்சளவு இருப்பாளா, தோளளவு இருப்பாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.