நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அறிவு, அனைத்தையும் துறந்தவர்களுக்கே வசப்படும். மிருதுளாவுக்கு அது பழுப்புக் கம்பளிக் கோட்டு போட்டதுமே வசப்பட்டது. வட்டக் கண்ணாடி, மெழுகுவத்தி, மடியில் தடித்த தோல் அட்டைப் புத்தகம். இந்த அறிஞர் கோலத்தில் அவள் போட்ட ரீல்ஸைப் பார்த்து, சென்னை வெயிலில் பாதிக் கல்லூரி கோட்டு மாட்டிக்கொண்டது. அப்புறம் ஒருவன் எழுதினான்: "இவ ஒரு பக்கம் புரட்டி யாராவது பார்த்திருக்கீங்களா?" பின்தொடர்ந்தவர்கள் கூட்டமாகக் கழன்றார்கள். மறுநாள் அவள் நேரலைக்கு வந்தாள். கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது.

"ஃபேனாவது போடட்டுமாடி?" என்றாள் போனைப் பிடித்திருந்த அறைத்தோழி நிலோஃபர்.

"மெழுகுவத்தி அணைஞ்சிடும், சும்மா இரு."

பிறகு கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "நீங்களே ஒரு பக்கம் சொல்லுங்க, படிச்சுக் காட்டுறேன்."

நூற்றுப் பன்னிரண்டு என்று கமெண்டில் வந்தது. அட்டையைத் திறந்து விரலை நுழைத்தாள். நுழையவில்லை. நகத்தால் நெம்பினாள். தாளின் ஓரம்தான் கிழிந்தது.

நிலோஃபர் உதவத்தான் நினைத்தாள். "மெழுகுவத்தி வாங்குறதுக்கு முன்னாடி, ஃபேன் காத்துல படபடக்குதுன்னு நீதானடி எல்லாப் பக்கத்தையும் பசை போட்டு ஒட்டின?"

நேரலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.