கை வைக்காத பேட்டர்ன்

"உள்ள இருக்கிற ஸ்கீமா ஃபைல்லயே, முகவரி சரியா இருக்கான்னு சோதிக்கிற பேட்டர்னைப் புதுசா எழுதிக்கலாமே சார். எதுக்கு ஒவ்வொரு தடவையும் வெளி ஸ்கீமாவுல இருக்கிற பழசைப் போய்க் கூப்பிடுறீங்க?" என்றாள் புது டீம் லீடர்.

"எழுதி வச்சதையே திரும்ப எழுதுவானேன்?" என்றார் மூத்த புரோகிராமர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"யாரும் கூப்பிடாத பேட்டர்னையெல்லாம் வெள்ளிக்கிழமை அழிக்கப் போறோம். அதுவும் அதோட போகட்டுமே."

"அதான் நான் கூப்பிடுறேனே."

"நல்ல பிடிவாதம்" என்று முணுமுணுத்தபடி அவள் நகர்ந்தாள்.

பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் இன்னொரு உள் ஸ்கீமாவைத் திறந்து, அதிலிருந்தும் அந்தப் பழைய பேட்டர்னைக் கூப்பிட்டார். அதன் தலைமாட்டில், அதே நாற்காலியில் உட்கார்ந்து மனைவி எழுதி வைத்த குறிப்பு இருந்தது:

'இதுல கை வச்சீங்கன்னா, இன்னிக்கு வீட்ல சமையல் நீங்கதான்.'

அவர் கை வைக்கவே இல்லை. ஆனாலும் தினமும் அவர்தான் சமைக்கிறார், ஒரு ஆளுக்கு மட்டும்.