புது ஆல்பம் கேட்டியா?

சனிக்கிழமை தவறாமல் சோடாக் கடையில் உட்கார்ந்து ராக் கிட்டார் கலைஞர்களைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவது, லேத் பட்டறைக்காரருக்கும் அவருடைய தையல்கார நண்பருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

"வெள்ளரிக்கா சோடாவாம், குடிச்சுப் பாரு" என்று பாட்டிலை நீட்டினார் தையல்காரர். "புது ஆல்பம் கேட்டியா?"

"மூணு தடவை கேட்டாச்சு."

"எப்படி?"

"சொல்லணுமா? ரெண்டாவது பாட்டுல மனுஷன் கிட்டாரை அழ வச்சுட்டான்டா! புல்லரிச்சுப் போச்சு."

தையல்காரருக்கு முகம் மாறியது. அந்தக் கிட்டார் கலைஞருக்குக் கை முறிந்துவிட்டதால் ஆல்பம் முழுக்க வேறொருவர் வாசித்த வெறும் பியானோதான். என்னிடமே புளுகுகிறானே!

தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து நண்பரின் முதுகுப் பக்கம் போனவருக்குக் கோபம் அடங்கவில்லை.

"அதுல கிட்டாரே கிடையாதுடா, புளுகுமூட்டை!" என்று கத்தினார்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நண்பர் மட்டும் திரும்பவில்லை.

தையல்காரர் மெல்ல வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்துடா?"

நண்பர் அந்த உதடுகளையே பார்த்தார். பிறகு தலை குனிந்தார்.

"ஆறு மாசமா ரெண்டு காதும் சுத்தமா கேக்கல. தெரிஞ்சா, இனிமே இவன்கிட்ட நமக்கென்ன பேச்சுன்னு நீ வராம இருந்துடுவியோன்னு பயந்துட்டேன்."