திறந்த கூண்டு

செக் நாட்டு லிபெரெட்ஸ் நகரில், நானோ இழை ஆலையின் ஜன்னல்களில் பனிவெளிச்சம் சாம்பலாகக் கசிகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இயந்திரம் ஒரே சுருதியில் முனகுகிறது. கீழே நீளும் கம்பியில் பிளாஸ்டிக் கரைசல் துளித்துளியாகக் கோத்திருக்கிறது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் ஒவ்வொரு துளியையும் கூம்பாக இழுக்க, கூம்பின் நுனியிலிருந்து சீறும் இழை சாட்டையாய்ச் சுழன்று, காற்றிலேயே காய்ந்து, மேலே நகரும் துணியில் வெண்புகைபோலப் படிகிறது. அந்தப் புகை பக்கவாட்டில் சாய்வதை, இயந்திரத்தை இயக்கும் க்வியேதா பார்க்கிறாள். கூண்டின் மறுபுறம் மேற்பார்வையாளன் ராதிம் கதவைத் திறந்து, கையை உள்ளே நீட்டி நிற்கிறான். திறந்ததும் மின்சாரத்தை நிறுத்தவேண்டிய சுவிட்சை டேப் போட்டு அழுத்தி வைத்திருக்கிறான். "கையை எடு, ராதிம்." "கம்பியில ஒரு கட்டிதான். நிறுத்தினா மறுபடி சீராகறதுக்கு மத்தியானம் ஆயிடும். நீ சரியான பயந்தாங்கொள்ளி." இழைகள் துணியை விட்டுவிட்டு அவன் சட்டைக்கையில் சத்தமில்லாமல் படிகின்றன. அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் பிடித்து இழுக்க அவளுக்குத் துணிவில்லை. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைகிறாள். முனகல் அடங்குகிறது.

"நிறுத்திட்டியா? இப்ப நிம்மதியா?" என்று சிரித்துக்கொண்டே ராதிம் மறுபடியும் கம்பியை நோக்கிக் கையை நீட்டுகிறான். நிறுத்திய பிறகும் கம்பியில் தங்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் கோல் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. "தொடாதே," என்கிறாள் க்வியேதா. அவன் மணிக்கட்டிலுள்ள மயிரெல்லாம் குத்திட்டு, கம்பியின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.