அரளி நட்ட இடம்

"என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு உள்ளே படுத்துத் தூங்குறியா?" என்று மூடிக் கிடந்த வீட்டுக் கதவைப் பார்த்துக் கத்தியது வளர்ப்பு ஆமை. அது தினமும் மேய்ந்த மூக்கிரட்டைக் கீரையைக் களையென்று பிடுங்கி வேலிக்கு வெளியே வீசிவிட்டு, அந்த இடத்தில் பூவுக்காக அரளியை நட்டிருந்தார் வீட்டுக்காரர்.

பசி பொறுக்காமல் அரளி இலைக்கு வாயைத் திறந்தது ஆமை.

"தள்ளிப் போ அண்ணே, நான் விஷம். கடிச்சா செத்துப்போவே," என்றது அரளி.

"உனக்கு இருக்கிற நேர்மை உன்னை நட்டவனுக்கு இல்லையே."

வேலிக்கு வெளியே வாடிக் கிடந்த மூக்கிரட்டை முனகியது: "என் வேர் இன்னும் காயலை. இப்ப நட்டாலும் பிழைச்சுக்குவேன்."

ஆமை போய்க் கதவை ஓட்டால் இடித்தது. "வெளியே வாய்யா. விஷத்துக்குத் தண்ணி ஊத்தின கையாலேயே என் கீரையை எடுத்து நடு. நடுற வரைக்கும் வாசலை விட்டு நகர மாட்டேன்."