மில்ட்டனின் ரிவால்வர்

“டென்வர்லேருந்து ஒருத்தர் வர்றார், ஹார்லன். பழைய துப்பாக்கின்னா மோந்து பாத்தே வயசு சொல்லிடுவாராம். மில்ட்டனோட ரிவால்வரை அவர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்” என்றாள் வெர்னா.

ஹார்லன் கையிலிருந்த தோட்டா நழுவிப் புல்லில் விழுந்தது.

மொன்டானாவில் பழைய ரிவால்வர் சேர்க்கிற யாரைக் கேட்டாலும், ஹார்லன் அசல் என்றால் அது அசல்தான். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருமுறை பொய் சொன்னார். நண்பன் மில்ட்டன் உயிரோடிருந்தவரை யாரையும் தொடவிடாத ரிவால்வர் அது. கொள்ளுத்தாத்தா ஷெரீஃபாக இருந்தபோது இடுப்பில் கட்டியது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். அவனை அடக்கம் செய்த மறுவாரம் அவன் மனைவி வெர்னா அதை எடுத்து நீட்டினாள்.

குழலின் அடியில் இத்தாலியத் தொழிற்சாலையின் முத்திரை பல்லிளித்தது. பழசைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த புதுசு. அழுது வீங்கிய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“அசல்தான்” என்றார். அதோடு விட்டாரா? “சும்மா கிடந்தா பாழாயிடும். வாரம் ஒருதரம் சுடணும்” என்று வேறு சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், சர்ச் முடிந்ததும் வெர்னா வீட்டில் ஆஜர். கொட்டகைக்குப் பின்னால் காலி டப்பாக்களை அடுக்கி, ஆளுக்கு ஐந்து தோட்டா. தோட்டா போட ஆறு அறை இருந்தாலும், தவறி வெடிக்காமலிருக்க ஒன்றைக் காலியாக விடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். ரிவால்வரின் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்கும்போது வரும் ‘கிளிக்’ சத்தமும் வெர்னாவின் கேலியும் இல்லாவிட்டால் அவருக்கு வாரமே ஓடாது. பெண்டாட்டி போனபின் வாயடைத்துக் கிடந்த மனுஷன், இங்கே வந்துதான் மறுபடி சிரித்தார்.

“அந்த ஆள் பேச்சை நம்பாதீங்க, வெர்னா.”

“நீங்க சொன்னதையேதானே அவரும் சொல்லப்போறார்?”

“நான்தான் பாத்துட்டேனே, அப்புறம் என்ன?”

“உங்க கண்ணை நம்பறதா? போன வாரம் ஒரு டப்பாகூட விழல.”

“வெயில் கண்ல அடிச்சுது.”

“மழை இல்ல பேஞ்சுது.”

வெர்னா குறிபார்த்துச் சுட்டாள். வரிசையில் மூன்று டப்பாக்கள் பறந்தன. அடுத்தது ஹார்லனின் முறை. வாங்கிய ரிவால்வரை அவர் சுடாமலே மேஜைமேல் வைத்தார். வெளியூர்க்காரன் வாயால் அவள் இதைக் கேட்கக் கூடாது.

“அது அசல் இல்ல, வெர்னா. மில்ட்டனை யாரோ ஏமாத்திட்டாங்க. எனக்கு முதல்லயே தெரியும். உங்களைப் பாக்க வர ஒரு சாக்கு வேணும்னு நானும் ஏமாத்திட்டேன்.”

தொப்பியை எடுத்துக்கொண்டார். இனி எந்த முகத்தோடு இங்கே வருவது?

“உக்காருங்க” என்றாள் வெர்னா. “அவரை யாரும் ஏமாத்தல. கல்யாணமான வருஷம் கடையில புதுசா வாங்கிக் குடுத்ததே நான்தான். கொள்ளுத்தாத்தா கதை உங்களைச் சீண்டறதுக்கு அவர் விட்டது. அதைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்கலாம்னுதான் அன்னைக்கு எடுத்து நீட்டினேன். நீங்க வாரம் ஒருதரம் சுடணும்னீங்க, சரின்னு வாயை மூடிக்கிட்டேன்.”

ஹார்லன் தொப்பியைக் கீழே வைத்தார். “அப்போ... டென்வர்க்காரர்?”

“அப்படி ஒருத்தரும் இல்ல” என்றாள் வெர்னா, காலி அறைகளில் தோட்டாக்களைப் போட்டபடி. “நீங்களா சொல்வீங்கன்னு இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை காத்திருக்கறது?”